ஒரு கை அகலம்

மூன்றாம் நாளாக மாவு பொங்கவில்லை.
ஜனவரி. மயூர் விஹார்.
சப்ராவின் மாருதி நின்ற கராஜில்
இப்போது என் இரண்டு கிரைண்டர்கள்,
ஆர்டர் நோட்டு,
துடைத்தும் போகாத அந்தக் காரின் எண்ணெய்க் கறை.

ஊதுபத்தி கொளுத்திக் காற்றைத் தேடினேன்.
சாமிக்கென்று நினைத்துக்
கும்பிட்டுவிட்டுப் போனான் பால்காரன்.
கதவிடுக்கில் புகை திக்கியது,
ஷட்டரடியில் படுத்தது,
எலி குடைந்த மூலையில் சட்டென்று முறிந்தது.

சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து
ஷட்டருக்கு அடியில் ஒட்டினேன்.
எலிவளைக்கு சிமென்ட்டும் கண்ணாடித்தூளும்.
உச்சியிலிருந்த ஜாலிக்கு
ஒரு ஃபிளெக்ஸ் பேனர்,
போன தேர்தலில் தோற்ற யாரோ சிரிக்கிறார்.

அன்றிரவு மூடியைத் தள்ளிக்கொண்டு
மாவு எழுந்தது.

அடுப்புதான் மஞ்சளாய் எரிந்தது.
சுவர் வியர்த்து அரிசி மூட்டைமேல் சொட்டியது.
தலை கனத்து, ஷட்டரைத் தூக்கி,
படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன்.
பின்தெருக் காவலாளி தர்ஷன்
போன குளிரில்
கரியடுப்போடு கதவைச் சாத்திப் படுத்தவன்.
எழவில்லை.

ஏணி போட்டு வேட்பாளரை இறக்கினேன்.
அடுப்புக்குப் பக்கத்தில், தரையோடு,
ஒரு செங்கல்லையும் பெயர்த்தேன்.
சப்ரா கத்துவார். கத்தட்டும்.
மாவுப் பானைக்கு என் கம்பளிக் கோட்டு,
கழுத்துவரை பொத்தான் போட்டு.

குளிர் இப்போது
நான் விட்ட வழியில் வருகிறது,
மெட்ரோ சத்தத்தையும் கூட்டிக்கொண்டு.
விடிகாலை பால்காரன் குனிந்து
அந்த ஓட்டையிடம் கேட்கிறான்:
இன்றைக்குப் பூஜை இல்லையா?