பெயரிலேயே சீனி

விடியுமுன் முன்னூற்றிருபது மரம்.
தலையில் லைட்டு, கையில் பால்வெட்டுக் கத்தி.
பட்டையைச் சாய்த்துக் கீறினால்
சிரட்டைக்குள் வெள்ளையாய்ச் சொட்டும்.
இருபத்தாறு வருசத்தில் ஒரு மரமும்
'யம்மா' என்று கத்தியதில்லை.

குலசேகரம் ஆஸ்பத்திரியில்
என் விரலைக் குத்தினார்கள்.
ஒரு துளிதான்.
நான் கத்தினேன்.
இருநூற்று எண்பத்து மூன்று.

நர்ஸ் பிரீடா ஒரு தாளை நீட்டினாள்:
ஓட்ஸ், புரோக்கோலி, ஏதோ ஒரு விதை.
"இது எந்தக் கடையில கிட்டும், சிஸ்டர்?"
அவளே சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிப்
பின்பக்கம் எழுதினாள்:
காணம். சிறுபயறு. பாவக்காய். முருங்கையிலை.
சாளை, நெத்திலி, பொரிக்காமல்.
பேனாவை மூடாமலே கேட்டாள்,
"மரச்சீனி எவ்வளவு தின்பீங்க?"

எவ்வளவு என்று யார் அளந்தார்?
மூன்று மணிக்கு எழும்புகிறவனுக்குப்
பத்து மணிக்கு அதுதான் சோறு, அதுதான் பலகாரம்.
பெயரிலேயே சீனி இருக்கிறது;
இத்தனை நாளும் காதில் விழவில்லை.

கருப்பட்டிக்குத் தோஷமில்லை
என்றான் டீக்கடை வில்பிரட்.
நம்பி ஒரு வாரம் குடித்தேன்.
மெஷின் நம்பவில்லை.

ஜெபக்கனி சண்டை போடவில்லை.
தட்டை மாற்றினாள்.
முதலில் பாவக்காய்த் தீயல்,
முருங்கையிலைத் துவரன் ஒரு குவியல்,
புளி விட்டு வற்றவைத்த சாளை நாலு,
அதெல்லாம் உள்ளே போன பிறகு
மரச்சீனி இரண்டே துண்டு,
கடன் கேட்க வந்தவன் மாதிரி ஓரத்தில்.
சாயங்காலம் அவித்த காணம்.
"இது குதிரைக்குள்ளதுல்லா?" என்றேன்.
"மூணு மணிக்கு எழும்பி ஓடுகது யாராம்?" என்றாள்.

திருவட்டாறில் மைத்துனன் மகள் கல்யாணம்.
பந்தியில் பாயச வாளி வந்ததும்
இலைமேல் கையை விரித்தேன்.
விளம்பின பையன் விரல்நுனிப் புள்ளிகளைப் பார்த்து
"முள்ளு குத்திச்சா அண்ணாச்சி?" என்றான்.
ஆமா முள்ளுதான் என்றேன்.
கை தானாக விலகிவிட்டது.
ஒரு கரண்டி. மட்டிப்பழம் பிசையவில்லை.
ஜெபக்கனியிடம் சொல்லவில்லை;
மறுநாள் மெஷின் சொல்லிவிட்டது.

இப்போது நூற்று ஐம்பத்தெட்டு.
மாத்திரை உண்டு, நடை உண்டு,
மரச்சீனியோடு எனக்குப் பகையில்லை.

இன்று மழை. பால்வெட்டு இல்லை.
எனக்கு மட்டும் வெட்டு உண்டு.
நேற்று நடுவிரல், இன்று மோதிரவிரல்.
மரத்திலும் அப்படித்தான் செய்வோம்,
இந்தப் பக்கப் பட்டை ஆறட்டும் என்று
கொஞ்ச நாள்
மறுபக்கம் போவோம்.