பன்னிரண்டாவது சொட்டு

தார்த்து நகரில், மார்ச் மாதம்,
கூரைப் பனி உருகி வாளியில் விழுவதை
எண்ணிக்கொண்டிருக்கிறாள் மால்லே கிவிசில்ட்.
பதினொன்று. பிறகு நின்றுவிட்டது.
பன்னிரண்டாவதை அவள் காது தானே இட்டுக்கொண்டது.

"தற்செயல் என்பார்கள்.
சரி, நாலு மணிக்கே எழுந்து
வாளியருகே உட்கார்ந்திருந்தது யாராம்?"

தாளில் பதினொன்றைத்தான் எழுதினாள்.
மற்றதற்கு இடம் மட்டும் விட்டாள்.

ஹீட்டர் பழுதான ஒத்திகை அறையில்
ஓபோக்காரர் ஏயினோ கேட்கிறார்:
இந்த வெற்றுத் தாளக்கட்டில் என்ன வாசிக்க?
"ஒன்றும் வேண்டாம். ஆனால் சுருதி பிசகக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை.
மூச்சை இழுத்து, உதட்டில் கருவியைப் பொருத்தி,
வாசிக்காமல் இருக்கிறார்.
மறுபடி, என்கிறாள்.
மறுபடி.

முப்பதாவது தடவை
பின்வரிசைச் செல்லோக்காரி
அண்ணாந்து
கூரையைப் பார்த்தாள்.