இழுக்கும் இடம்

பள்ளி விடுமுறை. வேனில் பிள்ளைகள் இல்லை.
சீட்டுக்கடியில் ஒற்றைச் சாக்ஸ்,
காய்ந்த நாசிலெமாக் இலை,
பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் எழுதிய
ஏழாம் வாய்ப்பாடு.
அதோடுதான் அவளை ஏற்றிக்கொண்டேன்
பகாவ் பேருந்து நிலையத்தில்.

பெயர் கேட்டேன்.
துவான் என்றாள்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் தோட்டத்தில் துவான் என்றால் ஜீப்பில் வருவார்,
பெரட்டில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.
இந்தத் துவான்
முழங்கால் வெளுத்த ஜீன்ஸோடு முன்சீட்டில் ஏறி
பெல்ட்டைத் தானே தேடி எடுத்தாள்.
குடும்பப் பெயராம். துவான் ச்சியூலான்.
யுன்னான் மலையில் ஷாஸி என்ற ஊர்.

தவுக்கே கடையில் ஒன்பது வருஷம்
ஆணி நிறுத்துக் கற்ற மாண்டரின் என்னுடையது.
தப்பிருந்தால் மன்னிக்கணும் என்றேன்.
எனக்கும் அது பள்ளிக்கூடத்து மொழிதான்,
வீட்டில் பாய் பேசுவோம் என்றாள்.
பாய் எங்களுக்கு விரித்துப் படுப்பது.
அவர்களுக்கு வெள்ளை.

சிக்னலில் தொலைபேசியைக் காட்டினாள்.
கல் பாவிய சந்தைச் சதுக்கம்,
அதைப் பார்த்தபடி மரத்தாலான கூத்து மேடை,
நீலத்துக்குள் வெள்ளைப் பூ விழுந்த முடிச்சுச் சாயத் துணி,
தலையில் வெண்குஞ்சம் தொங்க நான்கு பெண்கள்.
இடது ஓரம் அவள் அக்கா.
இந்த வழியாகத்தான் தேயிலை திபெத்துக்குப் போனது,
கோவேறு கழுதை முதுகில்.
இப்போது? என்றேன்.
இப்போது உன்னைப் போல வேன்காரர்கள்.

நாற்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்.
அவள் கேட்ட இடத்தைத் தினம் நான்கு முறை தாண்டுகிறேன்.
நிறுத்தியதில்லை.

செம்பனை. செம்பனை. குலை ஏற்றிய லோரி. செம்பனை.
பிறகு புல்லுக்குள் சாய்ந்த ஒரு பலகை.
இந்தப் பக்கம் ஜெம்போல் ஆறு, அந்தப் பக்கம் செர்த்திங்,
நடுவில் கூப்பிடு தூரம் தரை.
மேற்கிலிருந்து வந்த படகைக் கரையேற்றி
கட்டை உருட்டி இழுத்து
மறு ஆற்றில் விட்டால் கிழக்குக் கடல் வரை போகலாம்.
பலகையில் படித்துத்தான் சொன்னேன்.

அவள் படம் எடுக்கவில்லை.
கொசுவை அடித்தபடி காலடி எண்ணி நடந்தாள்.
பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய்
திரும்பி வந்து ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
நான் ஏர்கோனில் உட்கார்ந்திருந்தேன்,
வெட்கமாகி இறங்கினேன்.

யார் இழுத்தார்கள்? என்றாள்.
பலகையில் அது இல்லை.
எங்கள் ஊரில் கழுதைக்குக்கூடப் பெயர் உண்டு என்றாள்.
அப்பாவின் தோளில் காண்டா போட்ட தழும்பு
நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.
காண்டாவுக்கு மாண்டரினில் எனக்கு வார்த்தை தெரியாது.

குப்புலட்சுமி ஒட்டுக்கடையில் தே தாரிக்.
தாரிக் என்றால் இழு, விளக்கினேன்.
படகையும் இழுத்தீர்கள், தேநீரையுமா?
சிரித்தவள் பையைத் திறந்து
ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துச்
சுடுதண்ணீர் கேட்டாள்.
விருந்தாளிக்கு மூன்று கோப்பை, அது அவர்கள் வழக்கம்.
முதல் கோப்பை வேப்பிலை போலக் கசந்தது.
இரண்டாவதுக்கு வால்நட் வேண்டுமாம், இல்லை;
கச்சானும் குலா மலாக்காவும் போட்டோம்.
மூன்றாவதில் தேன், இஞ்சி, மிளகு.
குடித்தபின் திரும்பிப் பார்க்கவைக்கும் கோப்பை என்றாள்.
குப்புலட்சுமி மோந்து பார்த்து,
சளியா பிடிச்சிருக்கு இந்தப் பொண்ணுக்கு? என்றாள்.
மொழிபெயர்த்தேன்.
இருமுவது போல நடித்துக் காட்டினாள்.

அப்புறம் மணி பார்த்தாள்.
சிரம்பான் பஸ் புறப்படும் நேரம்.
வேன் கூலியை என் கையில் திணித்துவிட்டு
சாலையைக் குறுக்கே கடந்து ஓடினாள்,
எத்தனை காலடி என்று கத்திக்கொண்டே.
லோரிச் சத்தத்தில் நானூற்று மட்டும் கேட்டது.

சுடுதண்ணீருக்கு அறுபது காசு பாக்கி.
நான் கொடுக்கப் போனேன்.
வச்சுக்க, என்றாள் குப்புலட்சுமி.
காதிலிருந்து பேனாவை எடுத்துப்
பேர் என்ன, கேட்டு
கடன் புத்தகத்தில் எழுதினாள்,
துவான், அறுபது காசு.
எழுதியதை ஒருமுறை வாசித்தாள்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
அந்தப் புத்தகத்தில் எங்களுக்குக் கடன்பட்ட துவான்
அதற்கு முன் ஒருவரும் இல்லை.