பச்சைப் பொட்டு

நூற்றி நாற்பத்தாறு வந்திருந்தன.
சுவரில் இடம் முப்பத்தெட்டுக்கு.
மிச்சம் நூற்றெட்டு என்று கிருபைராஜா சொன்னபோது
அர்ச்சனைக் கணக்குப் போல இருந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.

புளியந்தீவில் பழைய கூட்டுறவுச் சங்க மண்டபம்.
கார்த்திகை மழையில் வாவி
சல்வினியாவும் செருப்பொன்றும் தள்ளிக்கொண்டு
மூன்றாம் படி வரை ஏறி நின்றது.
டிலக்ஷன் ஒவ்வொன்றாய்த் தூக்கிவந்து
மேசையில் நிறுத்துவான்;
ஓரங்களில் அவனுடைய விரல்கள் மட்டும் தெரியும்.
பேரில்லை, ஊரில்லை. இலக்கம்.

பின்மூலையில் பச்சைப் பொட்டு என்றால் எடுக்கிறோம்.
மஞ்சள் என்றால், மறுகாப் பார்ப்பம்.
சிவப்பை ஒட்ட ஒருவருக்கும் மனம் வராததால்
பன்னிரண்டு மணிக்கே மஞ்சள் முடிந்துவிட்டது.

இருபத்திரண்டு: படம் ஏந்திய தாய்.
இருபத்தேழு: படம் ஏந்திய தாய்.
முப்பத்தொன்று: படம் மட்டும், தாய் இல்லை.
ஒரு சுவர் எத்தனை தாய்மாரைத் தாங்கும் என்று
கொழும்பிலிருந்து வந்த ஷிரோமி ஆங்கிலத்தில் கேட்டார்.
எனக்குக் கோபம் வந்தது.
தேத்தண்ணி குடிக்கும்போதுதான் நினைவு வந்தது,
அதே கேள்வியை நான் காலையிலேயே
தமிழில் கேட்டுவிட்டு விழுங்கியிருந்தேன்.
இருபத்தேழை விட்டோம்.
கை சரியாக வரையப்படவில்லை என்று எழுதினோம்.
சரியில்லைத்தான்.
அந்தக் கை இரவு என் தலையணைக்கு வந்தது.

அறுபத்தொன்று ஒரு வீட்டின் வரைபடம்.
நீலப் பேனை மை, அடிமட்டக் கோடுகள்,
பிரதேச சபைக்குக் கொடுக்கிற மாதிரி:
அறை, அறை, குசினி, கிணறு.
கிழக்கு மூலையில் கோடுகள் கரைந்து
நீலம் ஒன்று புறப்பட்டிருந்தது.
கிணற்றை விழுங்கி, குசினியைக் கடந்து,
படுக்கையறை வாசலில் வந்து நின்றிருந்தது.

கிருபைராஜா கண்ணாடியைக் கழற்றினார்.
எங்களில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை;
கடல் என்றுகூடச் சொல்லவில்லை.
அன்று முதல்முறையாக
மூன்று பேரும் ஒரே நேரத்தில் பச்சைக்குக் கை நீட்டினோம்.

மறுநாள் காலை மண்டபத் தொலைபேசி.
நான்தான் எடுத்தேன்.
"அறுபத்தொண்டு பேசுறன். பேர் செல்லலாமா?
ஜெஸீமா, நிந்தவூர்.
தம்பிட கையில பஸ்ஸில குடுத்து விட்ட.
ஷட்டர் பூட்ட ஏலாதாம், நனைஞ்சிட்டாம்.
ராவெல்லாம் இருந்து புதிசா ஒண்டு கீறிட்டன்,
துப்பரவா இரிக்கி. மாத்த ஏலுமா?"

ஆருடைய வீடு என்று கேட்டேன்,
எந்த ஆண்டு என்று கேட்காமல்.

"என்ட வீடுதான். இன்னம் கட்டல்ல.
காணி இரிக்கி."

அதற்குப் பிறகு நடந்தது வாக்குவாதம்.
முடிவுத் திகதி போயிற்று என்றார் கிருபைராஜா.
கறைதான் படைப்பு என்றார் ஷிரோமி.
அப்படியென்றால் அட்டையில்
தாள், மை, கல்முனை பஸ் என்று போடுவோமா என்றேன்.
அது பகிடி இல்லை என்று எனக்கே பிறகுதான் விளங்கியது.
நாங்கள் நேற்று எதற்குக் கண் கலங்கினோம்?
பூட்டாத யன்னலுக்கு.
எழும்பாத வீடொன்றை மூன்று பேரும் சேர்ந்து
அதற்குள் மூழ்கடித்துவிட்டிருந்தோம்.

பின்னேரம் அவளே வந்தாள்,
மூன்று பொலித்தீன் சுற்றிய குழாயோடு.
புதியதை விரித்தாள்.
குசினிக்கு ஒரு யன்னல் கூடியிருந்தது.
பழையதைக் கனநேரம் பார்த்தாள்.
"இந்த மை சரியில்ல," என்றாள்.
மறுகாச் சொன்னாள்,
"வடிவாத்தான் இரிக்கி. ஆனா கிணத்தக் காணல்லயே."

பழையதன் பின்மூலையில் பொட்டை உரித்தேன்.
தாளின் தோல் கொஞ்சம் சேர்ந்து வந்தது.
அது விரல் நுனியில் ஒட்டியபடி நிற்க,
அவள் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
என்னிடம் சொல்கிறாள்:

"எதக் கொழுவினாலும்
அந்தப் பக்கம் மட்டும் வேணா மிஸ்.
தூவானம் அடிக்கிது."