பன்மை

வார்டோ தீவில் நவம்பர் பகல்
பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு
ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும்.
அதற்குள் ஒன்பது பேரைப் பார்த்தாக வேண்டும்.

மேசையில் உள்ளங்கை அளவு மைக்.
அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன், அது எழுதும்.
கோட்டுக்குப் பொத்தான் போட்டு அவர்கள் கதவருகே போவதற்குள்
குறிப்பு தயார்.
என் ஒப்புதலுக்கு ஒரு பச்சைக் கட்டம் மட்டும் பாக்கி.
முன்பு இரவு எட்டுவரை தட்டிக்கொண்டிருப்பேன்.
இப்போது ஐந்தரைக்கு வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்.
குறை சொல்ல வரவில்லை.

ஒட்வார் நீஸ்டாட், எழுபத்தொன்பது வயது,
காட் மீன் படகில் நாற்பது வருடம்.
அன்று வந்தது தோள்வலிக்கு.
கையைத் தூக்கச் சொன்னேன்; பாதியில் நின்றது.
மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று
வழக்கம்போலக் கேட்டு வைத்தேன்.
"எங்கள் மாத்திரை ஒரு நாளும் தவறுவதில்லை" என்றார்.

இயந்திரம் எழுதியது:
'நோயாளியும் அவர் மனைவியும்
ரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரைகளைத்
தவறாமல் எடுத்து வருகின்றனர்.'
அதன் கீழே இன்னொரு வரி:
'அடையாளம் தெரியாத கிலுகிலுப்பு, நான்கு நொடி.'

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
ஆகஸ்டில், ஆஸ்லெக்கின் இறப்புச் சான்றிதழில்
கையெழுத்து போட்டது நான்தான்.
பாவம், அதற்கு எப்படித் தெரியும்?
ஐம்பத்திரண்டு வருடத்து 'எங்கள்'
மூன்றே மாதத்தில் 'என்' ஆகிவிடுமா?
மனைவியை எடுத்தேன்.
'வருகின்றனர்' என்பதை 'வருகிறார்' ஆக்கினேன்.
கிலுகிலுப்பையும் துடைத்தேன்,
மருத்துவக் குறிப்பில் அதற்கென்ன வேலை?
இலக்கணம் சுத்தம்.
பச்சைக் கட்டத்தை அழுத்தினேன்.

பன்னிரண்டாம் நாள்
மூக்கில் துண்டை வைத்து அழுத்தியபடி வந்தார்.
நர்ஸ் ராக்ன்ஹில்ட் விரலில் குத்தி எடுத்த துளிக்குக்
கருவி சொன்ன எண் ஏழு புள்ளி இரண்டு.
மூன்றைத் தாண்டினாலே நான் போனை எடுப்பவள்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கத்தரிப்பூ நிறம்.

"ராத்திரி எத்தனை போடுகிறீர்கள்?"
"என்னுடையது.
அப்புறம் அவளுடையது."

கோட்டுப் பையிலிருந்து வந்தன இரண்டு டப்பாக்கள்,
கிழமைக்கு ஓர் அறை வைத்தவை.
நீலம் அவருக்கு, மஞ்சள் அவளுக்கு.
"மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கியிருந்தாள்.
வீணாக்கினால் அவளுக்கு ஆகாது.
ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் நிரப்புகிறேன்.
படுக்கப் போகும்போது அவள் அறை மட்டும்
அப்படியே இருந்தால், டாக்டர்,
எனக்கு எப்படியோ இருக்கிறது."

மேசைமேல் வைத்தபோது கேட்டது
நான் துடைத்துப் போட்ட அந்த நான்கு நொடி.

ஆக, எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது.
ஆள்தான் பிசகு.
நான் ஆளைத் திருத்தினேன், எண்ணிக்கை போயிற்று.
இறந்தகாலம் என்றால் என்னவென்று
அதற்குத் தெரியாது;
எனக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.
'எங்கள்' என்றால் யார் யார் என்று
அன்றே கேட்டிருக்கலாம்.
ஆறு நொடி ஆகியிருக்கும்.
உருளைக்கிழங்கு காத்திருக்கும்.

வைட்டமின் கே கொடுத்தோம்.
கிர்க்கெனஸ் ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர் சொன்னோம்.
இரண்டு டப்பாவையும் கவிழ்த்து
ஒரு தாளில் கொட்டி எண்ணினேன்.
அவர் தடுக்கவில்லை.
"மாத்திரை உங்களிடமே இருக்கட்டும்.
மஞ்சளை மட்டும் கொடுத்துவிடுங்கள்."

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியபோது
கோட்டுப் பையில் சத்தமே இல்லை.
மைக் இன்னும் விழித்திருந்தது,
எழுத அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.
கடைசி வரியை நானே தட்டினேன், ஒற்றை விரலால்:

'டப்பாவை எடுத்துச் செல்கிறார்.
காலி.'