ஏழாம் நம்பர் பொய் சொல்லும்

வெறுங்கையோடு பறந்தால் இருபத்திநாலு நிமிடம்.
இருபத்தைந்து கிலோ கட்டினால் ஒன்பது.
நடுவில் காணாமல் போகும் பதினைந்துக்குக்
கம்பெனிப் புத்தகத்தில் ஒரு வளைகோடு உண்டு.
அதைக் கீறியவன்
எண்ணூரில் நின்று காற்று வாங்கியதில்லை.

தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில்
அதன் ஆறு கைகளையும் விரித்து வைக்கிறோம்.
உப்பும் சாம்பலும் சேர்ந்து
கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறது.
பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறான் தேசப்பன்.
பேட்டரிகள் மீன்பெட்டிக்குள்,
பாலிதீன் சுற்றி, ஐஸ் மேல்.
சூடு இறங்காமல் சார்ஜ் ஏறாது.
பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவள் நான்,
துப்பட்டாவில் காரப்பொடி மீன் வாசம்.

நங்கூரத்தில் நிற்கும் நிலக்கரிக் கப்பலுக்கு
ஒரு பம்ப் ஷாஃப்ட். பத்தொன்பது கிலோ.
கட்டி முடிக்கையில் ஏஜெண்ட் வந்தார்:
"இதயும் வெச்சிடும்மா, லேசுதான்."
கேப்டனுக்கு மாத்திரை. சரி.
சமையல்காரருக்குப் பச்சைமிளகாய், கறிவேப்பிலை. சரி.
சோப்பு, ஊறுகாய், யாரோ கேட்ட செருப்பு,
யாருக்கோ பிறந்தநாள் கேக்.
லேசுதான் லேசுதான் என்றே
இருபத்து நாலரை.
கிலோவுக்கு முப்பத்தாறு விநாடி, சார், என்றேன்.
கேக்கை மட்டும் இறக்கி வைத்தேன்.
அவர் பார்த்த பார்வையை
எந்தத் தராசில் வைப்பது?

பெட்டியில் மிச்சம் பதினொன்றும் ஏழும்.
ஏழைப் பற்றி எனக்குத் தெரியும்.
நாற்பது என்று சத்தியம் பண்ணும்,
அழுத்தினால் பன்னிரண்டு என்று முனகும்.
இருநூற்றுப் பத்து தடவை நிரம்பி
இருநூற்றுப் பத்து தடவை வற்றியது.
திட்ட மனசு வரவில்லை. மாட்டினேன்.

போனது நன்றாகத்தான் போனது.
கயிறு இறங்க, ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன்
கொக்கியைக் கழற்றிக் கையாட்டினான்.
பிள்ளையை இறக்கிவிட்ட இடுப்பு மாதிரி
சட்டென்று நிமிர்ந்தது.
திரையில் முப்பத்தெட்டு.
திரும்புவதற்கு எடை கிடையாதே என்று
நினைத்தேன்.

அப்போதுதான் கச்சான் எழுந்தது.
அனல்மின் புகைக்கூண்டின் புகை
படுத்தபடி கடலுக்கு வந்தது, நேர் எதிரே.
முப்பத்தொன்று.
முப்பது.
பதினாலு.
நடுவிலிருந்த எண்களை ஏழாம் நம்பர் விழுங்கிவிட்டது.

கரைக்குத் தொள்ளாயிரம் மீட்டர்.
கீழே ஒரு ஃபைபர் போட் வலை இழுத்துக்கொண்டிருந்தது.
தேசப்பன் போனில் கத்தினான்:
"அமல்தாஸண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்க,
மேலேர்ந்து ஒண்ணு வருது!"
ஈர வலைக்குவியல் மேல் உட்கார்ந்து
ஆறு விசிறியும் நின்றபோது
மிச்சம் ஒன்பது.
உண்மையிலேயே ஒன்பதா, தெரியாது.

கரைக்கு வந்ததும் அமல்தாஸ்
அறுந்த கண்ணிகளை விரலால் எண்ணினார்.
"வலைக்கு எழுநூறு. டீசலுக்கு முந்நூறு.
எவ்ளோ தூக்கும் இது?"
சொன்னேன்.
"எவ்ளோ நேரம்?"
அதையும் சொன்னேன்.
"அப்ப ஆயிரமா குடுத்துடு," என்றார்.

ஏழை மணல் வாளியில் இறக்கினோம்.
இடுப்பு லேசாக உப்பியிருந்தது.
அது படுத்திருந்த இடத்தில்
ஐஸ் குழிந்து, அதன் அளவுக்கே ஒரு பள்ளம்.
அதற்குள் கேக் டப்பாவை வைத்தான் தேசப்பன்.
அட்டை மூடியில் க்ரீம் ஒட்டியிருந்தது.
ஏஜெண்ட் போன் பண்ணினார்,
நாளைக்கு அனுப்பிவிடலாமா என்று.