மாடி அறைக்கு இரண்டாம் பூச்சு

நாகமலை புதுக்கோட்டை. மாடி அறை.
வந்தவர் பல்கலைக்கழக மாணவர், ருவாண்டா.
ஃபாஸ்டின் ந்தாயிசாபா.
மூன்று முறை சொல்லச் சொல்லியும்
ஒப்பந்தத்தில் தப்பாகவே எழுதினேன்.

முந்தைய இரவே கூகுளில் தேடியிருந்தேன்.
பெயிண்ட் வாடையில் நின்று கேட்டேன்:
"நீங்க எந்தப் பக்கம்?"

"ஹூட்டு.
சித்தப்பா சாலைத்தடுப்பில் நின்றார், வெட்டுக்கத்தியோடு.
கொன்ற வீட்டு மாட்டை அறுத்துக்
கறி கொண்டுவந்தார்.
நானும் தின்றேன். ஏழு வயது."

கோமா வரை நடந்தது,
காலராவில் தங்கச்சி போனது,
எரிமலைப் பாறையில்
குழி தோண்ட முடியாதது
எல்லாம் அதற்கப்புறம்தான் சொன்னார்,
நான் கேட்காமலே இருந்திருந்தால்
சொல்லியிருக்கவே மாட்டார்.

ஏணிமேல் ஜெயரூபன்.
உச்சப்பட்டி முகாம், இருபத்திரண்டு வருசம்.
உருளை நிற்கவில்லை.
இதே கேள்வியை அவரிடம்
கியூ பிராஞ்ச் கேட்டிருக்கிறது.
மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்.
போன தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்தபோது
நான்.

இறங்கி, கையைத் துடைத்து,
என்னிடம்தான் பேசினார்:
"அட்வான்ஸ் எவ்வளவு, அண்ணை?"
"பத்து மாசம்."
"என்ர கூலியில குறைச்ச மாதிரி
அதிலயும் கொஞ்சம் குறையுங்கோவன்."

ஆறு மணிக்குள் முகாமில் ஆள் கணக்கு.
வாளியைக் கழுவாமலே போய்விட்டார்.
ஃபாஸ்டின்தான் கழுவினார்.